எடைக்குப் போன 456 அடி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் 54 அங்குல உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கிறது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர வளரக் கோடும் மேலே ஏறும். இங்கே கோடு ஏறாது. பிள்ளைகள்தான் அதை எட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் ஜாக்சன் என்ற ஊரில் இருக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் என்ற கேளிக்கைப் பூங்காவில், கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டுமானால் குறைந்தது அந்த உயரம் வேண்டியிருந்தது. மகன் 2022 கோடையில் கோட்டைத் தொட்டான். நச்சரித்து, அந்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு போய் ஏறியும்விட்டான். மகளுக்கு இன்னும் நாலு அங்குலம் பாக்கி இருந்தபோது, 2024 நவம்பர் 14 வியாழக்கிழமை, கிங்டா காவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. 'கொடுக்கப் போகிறார்கள்' இல்லை, கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஞாயிறோடு அது ஓடி முடித்திருந்தது.

அந்த அக்டோபரில் நாங்கள் போயிருந்தோம். வரிசை நீளமாக இருக்கிறதே என்று, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" எனச் சொல்லி மகனைப் பார்க்கிங் பக்கம் நடத்திக்கொண்டு போனது நான்தான். அந்த வாக்கியத்தை அவன் இன்னும் எனக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். கிங்டா காவின் உயரம் 456 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். 2005 மே 21ல் திறந்த நாள் முதல் மூடிய நாள் வரை உலகிலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். பெயர், அந்தப் பூங்காவில் இருந்த ஒரு புலியுடையது. பாதையைப் பார்த்தால் அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. நேராக ஒரு தண்டவாளம், செங்குத்தாக ஒரு ஏற்றம், உச்சியில் ஒரு வளைவு, முறுக்கிக்கொண்டு செங்குத்தாகவே ஓர் இறக்கம், கடைசியில் 129 அடிக்கு ஒரு மேடு. அவ்வளவுதான், மொத்தம் 28 வினாடி. ஆனால் அந்த நேர் தண்டவாளத்தில் மூன்றரை வினாடிக்குள் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். முன் வரிசையில் உட்கார்ந்தால் கண்ணீர் கன்னத்தில் இறங்காது, காதுப் பக்கமாக ஓடும். உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்றது போல இருக்கும். கீழே நியூ ஜெர்சியின் பைன் காடு தெரியும். பிறகு அதுவும் தெரியாது.

2019 ஜூலையில் அப்பா வந்திருந்தார். கோவையில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் எதைக் காட்டினாலும் "நல்லாருக்குது" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தவர், கிங்டா காவுக்கு முன்னால் மட்டும் அரை மணி நேரம் நின்றார். உச்சியைப் பார்க்கவில்லை. ரயில் கிளம்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயித்துல கட்டியா கண்ணு இழுக்கறாங்க?"

"ஆமாங்கப்பா. இரும்புக் கயிறு."

"ஒரு ட்ரிப்புக்கு எத்தன பேரு?"

"பதினெட்டுப் பேருங்க."

"அந்தக் கயித்த எத்தன நாளைக்கொருக்கா மாத்துவாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? "தெரியலீங்கப்பா" என்றேன். "அதத் தெரிஞ்சுக்காம அண்ணாந்து பாத்து என்ன பண்ணறது" என்றார். மகனுக்கு அப்போது ஏழு வயது. "அப்பாரு, நீங்க ஏறுவீங்களா?" என்று கேட்டான். "நான் எதுக்குச் சாமி ஏறோணும்? என்ற மில்லுல பாக்காத சுத்தா?"

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்தக் கயிற்றுக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

கிங்டா காவை இழுத்தது ஹைட்ராலிக் முறை. நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்த கலன்கள் ஹைட்ராலிக் எண்ணெயைத் தள்ளும்; எண்ணெய் மோட்டார்களைச் சுழற்றும்; மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய உருளையைச் சுற்றும்; உருளை இரும்புக் கயிற்றை இழுக்கும்; கயிற்றில் மாட்டிய வண்டி ரயிலைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஓடி, ஏற்றத்தின் அடியில் விட்டுவிடும். உச்சத்தில் 20,800 குதிரைத்திறன். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து அந்த உச்சத்துக்குப் போய் உடனே பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும், அதுவும் காலை முதல் இரவு வரை, நிமிடத்துக்கு ஒன்றோ அதற்கு மேலோ. சில சமயம் வேகம் ஒரு மயிரிழை குறைந்து, ரயில் உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே சறுக்கிக் கீழே வரும். காந்த பிரேக் பிடித்து நிறுத்திவிடும், ஆபத்தில்லை. ரோலர் கோஸ்டர் பைத்தியங்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்பாவைக் கேட்டால் தெரியும்.

அது நின்ற கதையும் கிடைத்தது. திறந்து மூன்று வாரம் முடிவதற்குள், 2005 ஜூன் 8ல் ஒரு போல்ட் போய், கயிறு பாதிக்கப்பட்டு, அதோடு மற்ற பாகங்களும் கெட்டன. மறுபடி ஓடியது ஆகஸ்ட் 4ல். 2009 மே மாதம் மின்னல் தாக்கியது. ஆகஸ்ட் பிற்பகுதி வரை ஓடவில்லை. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல். அடுத்த ஆண்டு வசந்தத்தில்தான் திறந்தது. இது போக, தூறல் விழுந்தாலே நிறுத்திவிடுவார்கள். காற்று கூடினாலும் அப்படியே.

இதைப் ஃபோனில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான். "வருஷத்துல எத்தன மாசம் ஓட்டுவாங்க?" குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் என்றேன். "அதுல ரெண்டு மாசம் நின்னுபோச்சா! எங்க மில்லுல ரிங் ஃபிரேமு அப்பிடி நின்னிருந்துதுன்னா மொதலாளி என்னைய நிக்க வச்சிருப்பாரு."

அவர்கள் மில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை மணி நேரம் நின்றது, எதனால் நின்றது என்பதுதான் அதில் முக்கியம். பெல்ட் அறுந்து நின்றதா, ஸ்பேர் வராமல் நின்றதா, கரண்ட் போய் நின்றதா. ஒரு மெஷினைக் கண்டம் பண்ணலாமா என்ற பேச்சு வரும்போது, அதன் வயதை யாரும் முதலில் கேட்க மாட்டார்களாம். ஸ்பேர் வராமல் நின்ற மணி நேரம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். நாற்பது வருஷ மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வருஷத்தது எடைக்குப் போகும்.

கேளிக்கைப் பூங்காவில் ஒரு ரைடு ஏன் வருகிறது, ஏன் போகிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்த நோட்டுதான். ஆனால் மில்லுக்கும் பூங்காவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரிங் ஃபிரேம் எவ்வளவு நூல் தந்தது என்று எடை போட்டுப் பார்க்கலாம். ரைடு எவ்வளவு சம்பாதித்தது என்று எப்படிப் பார்ப்பது?

சின்ன வயதில் கோவை வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினத்துக்குத் தனி டிக்கெட், டோரா டோராவுக்குத் தனி டிக்கெட். எதற்குக் கூட்டம் சேருகிறது, எது ஈ ஓட்டுகிறது என்பது ராட்டினக்காரருக்கு அன்று ராத்திரியே கல்லாவில் தெரிந்துவிடும். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் போன்ற இடங்களில் வாசலில் ஒரே டிக்கெட். உள்ளே போய் ஒரே ரைடில் பத்து முறை ஏறினாலும் ஒன்றிலும் ஏறாமல் பெஞ்சில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றாலும் ஒரே காசு. அதனால் எந்த ரைடும் தனியாகச் சம்பாதிப்பதில்லை. வீட்டிலிருந்து கிளம்பி வாசல் வரை வர ஆளைத் தூண்டியது எது என்பதுதான் கேள்வி. அதைக் கல்லா சொல்லாது. வெளியே போகிறவர்களிடம் கேட்பார்கள், வரிசை நேரத்தைப் பார்ப்பார்கள், மிச்சத்தை ஊகிப்பார்கள்.

இந்த ஊகத்தைக் கணக்காக மாற்றப் பார்த்தவர்களில் ஹாரிசன் பிரைஸ் முக்கியமானவர். 1953ல் வால்ட் டிஸ்னிக்காக ஆராய்ந்து, டிஸ்னிலேண்டை ஆனஹைமில் கட்டலாம் என்று சொன்ன பொருளியல் ஆய்வாளர் அவர்தான். அன்றிலிருந்து வளர்ந்த தொழில் கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும். ஆண்டின் உச்சக் கூட்டத்துக்குக் கட்டினால் மற்ற நாளெல்லாம் காற்று வாங்கும். ஆகவே உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே, நல்ல கூட்டமுள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள், அவர்கள் மணிக்கு எத்தனை ரைடு ஏறினால் முகம் சுளிக்காமல் வீட்டுக்குப் போவார்கள் என்று பார்த்து, பூங்காவின் எல்லா ரைடுகளும் சேர்ந்து மணிக்கு எத்தனை பேரை விழுங்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். விழுங்கும் சக்தி போதாவிட்டால் புதிதாக ஒன்று போடவேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

ஆக ரைடுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் வருவது. மற்றது, சத்தமில்லாமல் கூட்டத்தை விழுங்குவது. கிரேட் அட்வென்ச்சர் 1974ல் திறந்தபோது வந்த ரன்அவே மைன் டிரெயின் ஐம்பது ஆண்டு தாண்டி அங்கேயே ஓடுகிறது. யாரும் அதைப் பார்க்கவென்று நியூ யார்க்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவதில்லை. ஆனால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஏற அது ஒன்று வேண்டும். 1989ல் வந்த கிரேட் அமெரிக்கன் ஸ்க்ரீம் மெஷின் 173 அடி, தலைகீழாகச் சுற்றும் கோஸ்டர்களில் அன்றைக்கு உலகிலேயே உயரமானது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் இதே கம்பெனியின் இன்னொரு பூங்கா 188 அடிக்கு வைப்பர் என்று ஒன்றைக் கட்டிவிட்டது. ஸ்க்ரீம் மெஷின் 2010ல் போனது. 'உலகிலேயே உயரமான' என்பது ஒரு பட்டம்தான், அதை வைத்துக்கொண்டு வயதாக முடியாது.

ஸ்க்ரீம் மெஷின் நின்ற இடத்தில் 2011ல் வந்தது கிரீன் லான்டர்ன். அதுவும் புதிதில்லை, கென்டக்கியில் சாங் என்ற பெயரில் 1997 முதல் ஓடிய கோஸ்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, வேறு வண்ணம் அடித்து, வேறு பெயர் வைத்தது. இந்தத் தொழிலில் இது சகஜம். இதே பூங்காவின் லைட்னின் லூப்ஸ் 1978ல் வந்தது, ஒன்றையொன்று பின்னிய இரண்டு வளையங்கள். 1987ல் 19 வயதுப் பெண் ஒருவர் அதிலிருந்து விழுந்து இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அதை விற்றபோது இரண்டு வளையங்களும் பிரிந்து வேறு வேறு பூங்காக்களுக்குப் போய், வேறு வேறு பெயர்களில் ஓடின. அப்பாவுக்கு இது ஆச்சரியமே இல்லை. அவர்கள் மில்லில் ஒதுக்கிய மெஷின்களை வாங்கிப் போய் ஓட்டிய சின்ன மில்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ரிப்பேர் பார்க்க அவரே போய் வந்திருக்கிறார்.

விபத்து நடந்தால் எடுத்துவிடுவார்கள் என்பது பாதி உண்மை. 1984 மே 11ல் இதே பூங்காவில் ஹான்டட் காசில் என்ற பேய் வீட்டில் தீப்பிடித்து எட்டு இளம்பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அது திரும்ப வரவில்லை. ஆனால் எல் டோரோ என்ற மரக் கோஸ்டரைப் பாருங்கள். 2006ல் வந்தது. 2021ல் ரயிலின் ஒரு பகுதி தடம் விலகியது. 2022 ஆகஸ்டில் பலருக்குக் காயம். மாநில அரசின் பரிசோதகர்கள் மூட வைத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2023ல் சரிசெய்து திறந்தார்கள். அதில் பழுதான பாதையைக் கழற்றி மாற்றலாம், மரத்தைச் செதுக்கலாம். முக்கியமாக, ஒரு தடவை ஏறியவர்கள் இறங்கி ஓடிப் போய் மறுபடி வரிசையில் நிற்கிற ரைடு அது. கிங்டா காவில் பலர் ஒரு முறை ஏறிவிட்டு, 'ஏறியாச்சு' என்று சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் மனைவி அந்தக் கட்சி. நானும் உள்ளுக்குள் அந்தக் கட்சிதான் என்று மகனுக்குச் சந்தேகம்.

சரி, புதிது எப்போது வருகிறது? இந்தப் பூங்காக்களுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேல் சீசன் பாஸ், உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள். அடுத்த ஆண்டுக்கான பாஸ் விற்பனை கோடை முடியும்போதே சூடு பிடிக்கும். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும் அந்த வாரங்களில்தான் 'அடுத்த வருடம் இதோ புதிதாக' என்று அறிவிப்பு வரும். பாஸைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று நாம் யோசிக்கிற நேரத்துக்குச் சரியாகச் செய்தி வீட்டுக்குள் வந்துவிடும். 2010களில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் எல்லாப் பூங்காவிலும் ஆண்டுதோறும் புதிதாக ஏதாவது ஒன்று என்பதையே கொள்கையாக வைத்திருந்தது. ஆண்டுதோறும் பெரிய கோஸ்டர் போட்டால் கம்பெனி போண்டியாகிவிடும். அதனால் ஓர் ஆண்டு கோஸ்டர், அடுத்த ஆண்டு சுழலும் தட்டு, அதற்கடுத்த ஆண்டு பழைய கோஸ்டரையே பின்னோக்கி ஓட விடுவது என்று போகும். ஒரு முழுக் கோஸ்டரை ஆர்டர் கொடுத்து, அடித்தளம் போட்டு, சோதித்துத் திறக்க இரண்டு ஆண்டாவது ஆகும். ஆகவே மகன் ஆகஸ்டில் துள்ளிக் குதிக்கும் செய்தி, எப்போதோ ஒரு கூட்டத்தில் முடிவாகிப் பழசாகிப்போன விஷயம்.

2013 ஆகஸ்டில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. கிங்டா காவின் கோபுரத்திலேயே மூன்று தடம் அமைத்து, 415 அடியிலிருந்து ஆட்களைக் கீழே விடும் ஜுமான்ஜாரோ. புதிதாகக் கோபுரம் கட்டாமல் இருக்கிற கோபுரத்திலேயே ஒண்டுக்குடித்தனம், சாமர்த்தியமான செலவு. கூடவே 1979 முதல் ஓடிய ரோலிங் தண்டர் என்ற மரக் கோஸ்டருக்கு ஓய்வு என்றும் சொன்னார்கள். செப்டம்பர் 8 கடைசி நாள் என்று தேதியும் கொடுத்ததால், சொல்லிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். ஒண்டுக்குடித்தனத்தின் கஷ்டம் பதினோரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் போனபோது குடித்தனக்காரரும் போக வேண்டியதாயிற்று. ஜுமான்ஜாரோவில் குறை ஏதும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த இடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

கிங்டா கா ஏன் போனது என்பதற்கு அறிவிப்பில் இருந்த பதில், அந்த இடத்தில் புதிய சாதனைகளோடு இன்னொரு கோஸ்டர் வரும் என்பது. அது அடுத்த பலகைக்கான வாசகம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

இந்த ஹைட்ராலிக் இழுவையைக் கோஸ்டர்களுக்குக் கொண்டுவந்தது இன்டமின் என்ற ஐரோப்பியக் கம்பெனி. 2002ல் கலிஃபோர்னியாவில் முதல் ஒன்று, 2003ல் ஒஹாயோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 420 அடிக்கு டாப் த்ரில் டிராக்ஸ்டர், 2005ல் அதைவிட 36 அடி கூட்டி கிங்டா கா. இந்த 36 அடியைத்தான் கவனிக்க வேண்டும். பொறியியல் கேட்ட 36 அடி இல்லை அது, எதிர்க்கடையைவிட நம் பலகை உயரமாக இருக்க வேண்டும் என்கிற 36 அடி. சில வருடங்களில் மின்காந்த உந்துதல் மலிவாகி, தேறிவிட்டது. கயிறும் இல்லை, எண்ணெயும் இல்லை. தண்டவாளத்தில் வரிசையாகச் சுருள்கள், அவ்வளவுதான். 2017ல் ஸ்பெயினில் 112 மீட்டருக்கு இன்டமின் கட்டிய ரெட் ஃபோர்ஸ் அப்படித்தான் ஓடுகிறது. செய்தவர்களே அடுத்த முறைக்குப் போய்விட்டால் பழையதை வைத்திருக்கிறவர் பாடு என்ன ஆகும்? அப்பாவின் நோட்டில் 'ஸ்பேர் வரவில்லை' என்ற பத்தி நீளத் தொடங்கும்.

சீடர் பாயின்டில் அது வேறு விதமாக முடிந்தது. 2021 ஆகஸ்டில் டிராக்ஸ்டர் ரயிலிலிருந்து ஒரு உலோகத் துண்டு கழன்று வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. அதோடு அது நின்றது. அடுத்த ஆண்டு அதற்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு 420 அடிக் கோபுரம் எழுப்பி, கயிற்றை எடுத்துவிட்டு மின்காந்தம் போட்டு, 2024 மே மாதம் டாப் த்ரில் 2 என்று திறந்தார்கள். ஒரு வாரம் போல ஓடியது. புதிய ரயில்களில் கோளாறு. அந்த சீசன் முழுக்க மூடிக் கிடந்து 2025ல்தான் திரும்ப ஓடியது. இதற்கு நடுவே 2024 ஜூலை 1ல், ஜென்மப் போட்டியாளர்களான சீடர் பாயின்டின் கம்பெனியும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் ஒன்றாகிவிட்டன. 27 கேளிக்கைப் பூங்கா, 15 நீர் விளையாட்டுப் பூங்கா, தலையில் பெரிய கடன். நான்கரை மாதத்தில் கிங்டா கா போனது.

அதை முடிவெடுத்த கூட்டத்தில் நான் இல்லை, எனவே இது என் யூகம். எதிர்க்கடையை முந்துவதற்காக வைத்த 36 அடிக்கு, எதிர்க்கடையும் நம் கடையாகிவிட்ட பிறகு என்ன வேலை? ஒரே வீட்டில் இரண்டு பட்டத்து யானை. ஒன்றைச் சரிக்கட்டவே ஒரு சீசன் போய்விட்டது. அதே வைத்தியத்தை இன்னொன்றுக்கும் செய்வார்களா?

கிரீன் லான்டர்னும் கிங்டா காவோடு ஒரே அறிவிப்பில் போனது. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. நின்றுகொண்டே போகிற கோஸ்டர் அது. தோள் பட்டைக்கும் காதுக்கும் நடக்கும் சண்டையில் காதுதான் தோற்கும்.

எல்லாரும் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில் பென்சில்வேனியாவில் நோபெல்ஸ் என்று ஒரு குடும்பத்தார் நடத்தும் பூங்கா இருக்கிறது, 1926லிருந்து. உள்ளே போகக் காசில்லை. நம் பொருட்காட்சி மாதிரி ரைடுக்கு ரைடு டிக்கெட். டெக்ஸஸில் சான் அன்டோனியோ நகரில் 1980ல் மூடிய பூங்கா ஒன்றில் 1940களின் மரக் கோஸ்டர் ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. நோபெல்ஸ்காரர்கள் போய் அதைப் பலகை பலகையாகக் கழற்றி, நம்பர் போட்டு, நாட்டின் பாதி தூரம் லாரியில் கொண்டுவந்து, 1985ல் ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். இன்றும் ஓடுகிறது. உயரம் 78 அடி. அதில் என் மகள் எப்போதோ ஏறிவிட்டாள், மகன் அளவுக்குக் கத்தவும் செய்தாள். நியூ யார்க் கோனி ஐலண்டின் சைக்ளோன் 1927ல் வந்தது. 1970களில் பக்கத்து மீன் காட்சியகத்தின் விரிவாக்கத்துக்காக அதை இடிப்பதாக இருந்தது. ஊர்க்காரர்கள் சத்தம் போட்டுத் தடுத்தார்கள். 1988ல் நகரமே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 456 அடி இரும்புக்கு அப்படிச் சத்தம் போட ஆள் சேர்வது கஷ்டம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை அதிகாலையில் கிங்டா காவை வெடி வைத்து இறக்கினார்கள். சில வினாடிதான். மேலே வளைந்திருந்த பாதை முதலில் சாய்வது போலத் தெரிந்தது, பிறகு மொத்தமும் தன் மேலேயே மடிந்து விழுந்து, புகை கிளம்பியது. ஏறி இறங்க ஆன 28 வினாடிகூட ஆகவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், சாக்ஸ் ஒரு காலில் மட்டும் இருக்க, மகன் அந்த வீடியோவை நாலு முறை பார்த்தான். நான் அதை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

கோவையில் அப்போது மாலை. டீ குடித்துவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். உடனே கூப்பிட்டார். பேரனிடம் கொடுக்கச் சொல்லி, "போனாப் போகுது உடு சாமி, வேற ஒண்ணு வெப்பாங்க" என்றார். மகன், "அப்பாரு, அந்தக் கயிறப் பத்தி இன்னும் யாருமே சொல்லல" என்றான். அப்புறம் ஃபோன் என்னிடம் வந்தது.

"ஏங்கண்ணு, அந்த மோட்டாருகள முன்னயே கழட்டி எடுத்துட்டாங்களா, இல்ல அதோடயேவா வெடி வச்சாங்க?"

"தெரியலீங்கப்பா."

"கழட்டியிருப்பாங்க. இருவதாயிரம் குதிரை, சும்மாவா உடுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இரும்பு எத்தன டன்னு வந்துச்சுன்னு விசாரிச்சுச் சொல்லு."